பொட்டைத் தாண்டிய விரிசல்

கைப்பேசியில் படங்களைத் திறந்தால் முதலில் அதுதான் வந்து நிற்கிறது. ஒரு சுவர், சுவரில் ஒரு விரிசல், விரிசலின்மேல் மெரூன் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. நான் எடுத்த படம். நீ பார்த்திருந்தால், "இன்னாமே இது, ஆட்டோவுல போயிகினே எடுத்தியா?" என்று கேட்டிருப்பாய். அவ்வளவு கலங்கல். அவசரத்தில் எடுத்தது.

உனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை. நாசரேத்துப் பக்கத்திலிருந்து ராயபுரத்துக்கு வந்து மூன்று தலைமுறையாகக் கயிறும் தார்ப்பாயும் விற்கிற வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம். மாமியாருக்கும் வெறும் நெற்றி, எனக்கும் வெறும் நெற்றி. கடைக்கு வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். அப்படிப்பட்ட வீட்டில், மாடிப்படிக்குப் பின்னால் அடுக்கியிருந்த தார்ப்பாய்க் கட்டுகளை இழுத்துப்போட்டால் சுவரில் ஒரு பொட்டு இருக்கிறது என்றால், அது யாருடையது என்று யாரிடம் போய்க் கேட்பது? பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நீ ஒட்டியது. நான் வேண்டவே வேண்டாம் என்று சொன்ன பிறகு, எனக்குத் தெரியாமல் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.

விரிசல் எங்கே முடிகிறதோ அங்கேதான் நீ பொட்டு ஒட்டுவாய். இந்த விரிசல் அங்கே முடியவில்லை. பொட்டின் அடியில் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்து, என் முழங்கை நீளத்துக்கு மேலே ஏறிப் போயிருந்தது. மேலே என்றால் மாடிக் கூடத்தைத் தாங்குகிற உத்தரம் சுவரில் வந்து உட்காருகிற இடம். அன்று சாயங்காலம் அந்தக் கூடத்தில்தான் மாமியாரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஸ்தோத்திரக் கூட்டம். சபையே திரண்டு வருகிறது. வாசலில் நாற்காலி ஏற்றிய வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேரே அதற்குள் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் கொஞ்ச நேரம் நம் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறேன்.

நீ முதன்முதலில் எங்கள் கடைக்குள் வந்தது நைலான் கயிறு வாங்க. வியாசர்பாடியில் உன் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடுவதற்கு. கயிற்றை அளந்து வெட்டுவதற்குள் தோள்பையிலிருந்து கேமராவை எடுத்து எங்கள் கூரையைப் படம்பிடிக்க ஆரம்பித்துவிட்டாய். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துப்போனது. எங்கள் தெருவில் கேமராவோடு ஒருவர் வந்து கட்டடத்தை அண்ணாந்து பார்த்தால், அடுத்து அளக்கிற டேப் வரும், அதற்கடுத்து நோட்டீஸ் வரும். அதனால் பவ்யமாக, "மேடம் எந்த ஆபீஸ்ல இருந்து வாரீங்க?" என்று கேட்டார். நீ கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"பேசின் பிரிட்ஜ் யார்டு. ரயில் பொட்டியில ஃபேன் ஓடலன்னா என்னாண்ட சொல்லு, நைனா. வூடு இடிக்கிற வேல நமக்கு இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினாய். "மேல பாத்துகீறியாமே? தேக்கு உத்தரம். அத்து மேல செங்கல்ல நெட்டுக்குத்தா அடுக்கி சுண்ணாம்பு போட்டுகீறாங்க. இன்னா சோக்கா கீது! இத்த தலைக்கு மேல வச்சிகினு நீ பாட்டுக்கு கயிறு அளந்துகினு கீற."

கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறேன். ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. பார்த்தால் விழுந்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊர் அறிந்த விஷயம். குக்கர் விசில் அடிக்கப்போகிறது என்று தெரிந்தால் அடுப்படியை விட்டு வெளியே வந்து நிற்பேன். லிஃப்டில் ஏறமாட்டேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி பக்கத்தில் உரசினாற்போல் வந்தால், உன் ஸ்கூட்டரின் பின்னால் இருந்துகொண்டு உன் இடுப்புச் சதையைப் பிய்த்து எடுத்துவிடுவேன். "உன்ன கூட்டினு வர்றதுக்கு ஒரு ஆட்ட ஏத்தினு வரலாம், அதாச்சும் கம்முனு வரும்" என்று திட்டுவாய். அடுத்த வாரம் ஆராதனை முடிந்து நான் வெளியே வரும்போது எங்கள் சபைக் கோவில் வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பாய்.

அப்படி எத்தனை இடம் பார்த்தோம். ராயபுரத்துப் பழைய ரயில் நிலையத்தின் தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்தாய். துறைமுகத்துக்கு எதிரே பூட்டிக் கிடக்கிற செங்கல் கிடங்குகள், காலடிப்பேட்டைச் சந்துகளில் ஓடு சரிந்த வீடுகள், திருவொற்றியூரில் அரசங்கன்று முளைத்துச் சுவரைப் பிளந்த ஒரு சத்திரம். நான் கேமராவுக்குக் குடை பிடிப்பேன், புளியோதரை டப்பாவைச் சுமப்பேன், போலீஸ் வருகிறதா என்று பார்ப்பேன். நீ எந்தக் கட்டடத்துக்குள்ளும் சட்டென்று நுழையமாட்டாய். வாசலில் நின்று, "உள்ள யாருனா கீறீங்களா? படம் எடுத்துக்கட்டா?" என்று குரல் கொடுப்பாய். ஆள் இருந்தாலும் கேட்பாய், பூட்டிப் பல வருஷம் ஆன இடமாக இருந்தாலும் கேட்பாய். பதில் வராத இடத்தில் ஏன் கேட்கிறாய் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

எதற்காக இந்த வெயிலில் இதையெல்லாம் எடுக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். நீ விளையாட்டுக்குக்கூடச் சிரிக்கவில்லை. "நம்ம ஏரியான்னாவே சினிமாவுல வெட்டு, குத்து, பொகை, கலீஜு. அத்த மட்டும்தான் காட்றாங்க. இங்க இம்மாம் அழகா ஒரு வளைவு கீது, ஒரு தூண் கீதுன்னு எவனாச்சும் பாக்கணுமா வாணாமா?" என்றாய். அதற்குப் பிறகு நான் வெயிலைப் பற்றி முணுமுணுப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

பொட்டு விஷயம் தொடங்கியது எண்ணூரில். முகத்துவாரத்துக்குப் போகிற வழியில், முள்மரக் காட்டுக்குள் ஒரு பாழடைந்த பங்களா. சித்திரை வெயில். பின்பக்கத்துக் கைப்பம்பில் முகம் கழுவினாய். பொட்டு வைக்கிற பெண்கள் எல்லாரும் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பீர்களே, அந்தப் பழக்கத்தில் நெற்றியிலிருந்து எடுத்துப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு முகம் கழுவி, அதை அப்படியே மறந்துவிட்டு வந்துவிட்டாய். திருவொற்றியூர் தேரடி வந்த பிறகுதான் ஸ்கூட்டர் கண்ணாடியில் உன் வெறும் நெற்றியைப் பார்த்தாய். "ஐய, உன்கூட சேந்து நானும் நாசரேத்து ஆயிட்டேன்" என்று சிரித்தாய்.

மழைக்காலம் முடிந்து மறுபடி அங்கே போனோம். பொட்டு அப்படியே சுவரில் இருந்தது. எடுத்து மறுபடி வைத்துக்கொள்ளப் போவதாக விளையாட்டுக்குச் சொல்லிக்கொண்டே கையை நீட்டியவள் நின்றுவிட்டாய். போன தடவை முகம் கழுவியபின் அந்தச் சுவரை எடுத்த படத்தைக் கேமராவில் தேடி எடுத்துச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்தாய். படத்தில் விரிசல் பொட்டுக்குக் கீழே முடிந்திருந்தது. சுவரில் பொட்டைத் தாண்டிப் போயிருந்தது.

"இது நவுந்துகினு கீதுமே" என்றாய், மெதுவாக.

எனக்கு அந்த நொடியே வெளியே ஓடவேண்டும். உனக்கோ மேல்மாடி வராந்தாவுக்கு ஏறி, அந்த வளைவு வழியாக வள்ளூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கவேண்டும். அதற்காகத்தான் அன்றைக்கு வந்ததே. நான் உன் கேமரா வாரைப் பிடித்து இழுத்தேன்.

"ஒரே ஒரு படம்மே. போனதும் வந்துருவேன்."

"போகாதட்டி. எனக்கு ஈரக்குலை நடுங்குது. வா வெளிய."

"நீ எதுக்குத்தான் நடுங்கல?"

"நடுங்குதேன். என்ன வேணாலும் சொல்லு. நீ மேல போனா நான் இங்கயே கிடந்து அலறுவேன்."

நான் அலறுவேன் என்பது உனக்குத் தெரியும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தாய். பூவரச மரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். ரெண்டாவது கவளமோ மூன்றாவதோ, அப்போது அந்த மேல்வராந்தா இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. லாரியிலிருந்து மணல் சரிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு தூசி கிளம்பி நம் தலைமேலும் புளியோதரைமேலும் வந்து படிந்தது. நீ கேமராவைத் தூக்கவில்லை. சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாய்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் மெதுவாக ஓட்டினாய். கத்திவாக்கம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, முன்னால் பார்த்தபடியே சொன்னாய்: "இனிமே நீ மெர்சலானா ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன். நீ எனக்கும் சேத்து பயப்படு. நான் உனக்கும் சேத்து எட்டிப் பாக்கறேன்."

பிறந்ததிலிருந்து என் பயத்தை எல்லாரும் கேலிதான் செய்திருக்கிறார்கள். அதற்கு ஒரு வேலை கொடுத்தது நீ ஒருத்திதான். அதற்காக உன்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம். நீ உயிரோடு இருக்கும்போது இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "போமே" என்று தோளில் ஒரு இடி கொடுத்திருப்பாய்.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் நீ ஒரு அட்டை பொட்டோடு வந்தாய். விரிசலின் நுனியில் ஒன்று ஒட்டி ஒரு படம். அடுத்த தடவை அதே இடத்தில் நின்று இன்னொரு படம். விரிசல் பொட்டைத் தாண்டியிருந்தால் உள்ளே போகக் கூடாது, எவ்வளவு அழகான இடமானாலும் வெளியே நின்று எடுத்துக்கொள்ள வேண்டியது. நாம் வைத்துக்கொண்ட ஒரே சட்டம் அது.

கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாய். மாடிக் கூடத்து ஜன்னலோரத்தில் மாமியாரை உட்காரவைத்து அவர்கள் மகிழ்ந்துபோகிற மாதிரி ஒரு படம் எடுத்தாய். "என் கல்யாணத்துக்கு அப்புறம் என்னய ஒருத்தரும் தனியா படம் எடுத்ததில்லளா" என்று அவர்கள் உன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கீழே இறங்கும்போது படிக்குப் பின்னால் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டு நின்றாய். நிமிர்ந்து என்னிடம், "இங்க ஒண்ணு ஒட்டட்டுமா?" என்றாய்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "இது ஒண்ணும் உன் பாழடைஞ்ச பங்களா இல்ல, என் வீடு. அதுல ஒண்ணும் ஒட்டப்படாது" என்றேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு, "சரிமே, வாணாம்" என்று பேச்சை மாற்றினாய்.

அப்போதே உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. நான் கேட்டால், "வெயிலு", "தூசி", "வயசாவுதில்ல" என்று டபாய்த்துக்கொண்டே இருந்தாய். ஸ்கேன் எடுக்கச் சொன்ன பிறகும் நாளைக் கடத்தினாய். எந்த இருட்டுக் கிடங்குக்குள்ளும் தலையை நீட்டுகிற நீ அந்த ஸ்கேன் குழாய்க்குப் பயந்தாய். கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். கதவுக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே போகிறவள் திரும்பி, "நல்லா பயந்துகினே இருமே. நீ உட்டா நான் மாட்டிப்பேன்" என்றாய். நர்ஸ் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் விடாமல்தான் பயந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போன நாள் வரைக்கும் பயந்தேன். அந்தத் தடவை என் பயத்தால் ஒன்றும் ஆகவில்லை.

நீ கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, கீழே பின்பக்கம் போய்வருகிறேன் என்று போனவள் வெகு நேரம் வரவில்லை. மயங்கிக் கிடக்கிறாயோ என்று நான் எழுந்து ஓடி வந்தேன். எதிரே நீயே வந்துகொண்டிருந்தாய், வியர்த்து வழிய, நெற்றி வெறுமையாக. வியர்வையில் பொட்டு விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கக்கூட இல்லை.

இனி அந்தச் சனிக்கிழமை.

என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து சுவரைக் காட்டினேன். பொட்டைக் காட்டினேன், அதைத் தாண்டிப் போன விரிசலைக் காட்டினேன், எண்ணூரில் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு அன்று ஆயிரம் வேலை. பாஸ்டருக்குக் கார் அனுப்ப வேண்டும், பிரியாணிச் சட்டி வந்திறங்க வேண்டும். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"இது எங்க தாத்தா காலத்து விரிசல்லா."

"பொட்டு தாத்தா காலத்துப் பொட்டா? அது இந்த வருஷம் ஒட்டினது. அதத் தாண்டியிருக்குங்க."

"ஏட்டி, வேதக்கார வீட்டுல ஒரு பொட்டப் பாத்துட்டு ஸ்தோத்திரக் கூட்டத்த நிறுத்தச் சொல்லுதியா? சபையில போய் இத எப்படிச் சொல்ல? ஊரே சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். தெருவுல நாற்காலி போடுங்க. மேல ஒரு ஆளு ஏறப்படாது."

நாற்காலிக்காரர்கள் ஆளுக்கொரு அடுக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு படியை நோக்கி வந்தார்கள். நான் போய்ப் படியின் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றேன். முன்னால் வந்தவர், "இன்னாக்கா, வழிய உடு, தோளு வலிக்குது" என்றார். நான் விடவில்லை. என் வீட்டுக்காரருக்குக் காது சிவந்துவிட்டது. "மானத்த வாங்காதட்டி" என்று பல்லைக் கடித்தார். பிறகு, "அம்மா மேலதான இருக்கா? முட்டு வலின்னு படியே இறங்காதவ. நீயே போய் இறக்கிக் காட்டு, பாப்போம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மேலே மாமியார் இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்களை ஏறவிடாமல் தடுத்த நான் ஏறித்தான் ஆகவேண்டும்.

இத்தனை வருஷம் ஏறி இறங்கிய படி. அன்றைக்கு ஒவ்வொன்றிலும் கால் வைக்குமுன் நின்றேன். எனக்கு முன்னால் எட்டிப் பார்த்து "வாமே, ஒண்ணுமில்ல" என்று சொல்ல நீ இல்லை. நான்தான் எட்டிப் பார்த்தேன். கூடம் முழுக்க வண்ணக் காகிதம் தொங்கியது. நட்ட நடுவில், சரிகை போட்ட வெள்ளைப் புடவையோடு மாமியார் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டடத்தில் நடு இடத்தை மிதிக்காதே, சுவர் ஓரமாகவே நட என்று நீ சொல்லுவாய். சுவரைத் தடவிக்கொண்டே ஓரமாகப் போனேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு கண்டெய்னர் லாரி போனது. ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன, தரை கால் வழியாக நடுங்கியது. தினமும் கேட்கிற சத்தம்தான். முன்பெல்லாம் அந்தச் சத்தத்தில்தான் குட்டித் தூக்கம் போடுவேன். அன்று அது அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னளா, பேயறைஞ்ச மாதிரி வார?" என்றார்கள் மாமியார்.

"கீழ போவோம் அத்த. வீடு நகருது."

"யாரு சொன்னா?"

"அவ சொன்னா. படம் எடுப்பாள்லா, அவ."

"அவ செத்துல்லா போனா?"

"போறதுக்கு முன்னால சொல்லிட்டுப் போயிருக்கா. நமக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சிது."

மாமியார் என் முகத்தையே பார்த்தார்கள். உன்னைப் போல் அவர்களைக் கேட்டு, உட்காரவைத்து, வெளிச்சம் பார்த்துப் படம் எடுத்தவர் யாருமில்லை. அதுதான் ஞாபகம் வந்ததோ என்னவோ. "அந்தப் பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். பிடி" என்று கையை நீட்டினார்கள்.

நாலு பேரைக் கூப்பிட்டால் பாரம் கூடும் என்று, நாற்காலிக்காரர்களில் ஒருவரை மட்டும் கூப்பிட்டேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியாரை உட்காரவைத்து, அந்த ஆள் நாற்காலியின் முன்கால்களையும் நான் பின்னால் அதன் முதுகையும் பிடித்து இறக்கினோம். பாதிப் படியில் எனக்குக் கை வழுக்கியது. மாமியார் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கீழே, அந்த விரிசல் சுவரைக் கடக்கும்போது நாற்காலிக்காரர் அதை ஏறிட்டுப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார். அம்மா அந்தரத்தில் வருவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் ஓடிவந்து நாற்காலியைத் தாங்கினார். எங்கள் முகங்களைப் பார்த்தவர் நாற்காலிகளைத் தெருவிலேயே போடச் சொன்னார்.

ஸ்தோத்திரக் கூட்டம் தெருவில் நடந்தது. லாரி வரும்போதெல்லாம் எல்லாரும் எழுந்து நாற்காலியோடு ஒதுங்கினார்கள். பாட்டு பாதியில் நின்று நின்று தொடர்ந்தது. என் பயம் அன்றைக்கு எல்லார் வாயிலும் பிரியாணியோடு சேர்ந்து மெல்லப்பட்டது. வீடு விழவில்லை. ஒரு துண்டுக் காரைகூடப் பெயரவில்லை.

வீட்டுக்காரர் இஞ்சினியர் ஒருவரை அழைத்துவந்தார். அவர் தட்டிப் பார்த்தார், வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "நாளைக்கே இடிஞ்சும் போகலாம், நம்ம காலத்துக்கு அப்புறமும் நிக்கலாம். ஆனா முட்டுக் கொடுக்கற வரைக்கும் உள்ள யாரும் இருக்க வேணாம்" என்றார். காலடிப்பேட்டையில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து வந்துவிட்டோம். கடைச் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்கிறோம்.

இனி சொல்லப்போவதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. சொந்தக்காரர்கள் போனில் என்னிடம், "வீடு இன்னும் நிக்குதாமே?" என்று கேட்கிறார்கள். அந்த 'இன்னும்' என்னைக் குத்துகிறது. நேற்று மாமியார் வாடகை வீட்டு ஜன்னலோரம் இருந்துகொண்டு, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்கள்: "ஏளா, அது விழணும்னு ஜெபிக்கவா, விழப்படாதுன்னு ஜெபிக்கவா?" விழக் கூடாது என்றுதான் சொன்னேன். ஆனால் சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு குரல், விழட்டுமே என்றது. விழுந்தால்தான் நான் சொன்னது நிஜம். விழுந்தால்தான் நீ சொன்னதும் நிஜம். அப்படி ஒரு ஆசை எனக்குள் இருக்கிறது என்று தெரிந்தபோது, விரிசலைக் கண்டு பயந்ததைவிட என்னைக் கண்டு அதிகமாகப் பயந்தேன்.

இன்று காலை மீதியிருந்த தேங்காய்நார்க் கயிற்றுச் சுருள்களை எடுக்கப் போனோம். ஒருவர்தான் உள்ளே போவது என்று பேச்சு. என் வீட்டுக்காரர் போனார். நான் எதிர்ப்புற நடைபாதையில் நின்றேன். போனதும் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. அப்போது தெருமுனையில் ஒரு லாரி திரும்பியது. வெறும் லாரி இல்லை, கண்டெய்னர் ஏற்றிய லாரி. கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தேன், டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே போனார். எங்கள் மாடி ஜன்னல்கள் கிடுகிடுத்தன. வாசலுக்கு மேலிருந்து ஒரு கைப்பிடி சுண்ணாம்பு உதிர்ந்தது.

எனக்குச் சொந்தக்காரர்கள் ஞாபகம் வரவில்லை. நான் சொன்னது நிஜமாக வேண்டும் என்ற நினைப்பு இருந்த இடம் தெரியவில்லை. அந்தக் கட்டடத்தைப் பார்த்துத் தெருவிலே வாய்விட்டுக் கெஞ்சினேன். நான் பைத்தியக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன், என்னைப் பார்த்து எல்லாரும் சாகும்வரை சிரிக்கட்டும், நீ நில்லு என்றேன்.

அவர் தோளில் கயிற்றுச் சுருளோடு வெளியே வந்து, "என்னட்டி, தெருவுல நின்னு யார்கிட்டப் பேசுத?" என்று கேட்டார். உன்னிடம் என்று பொய் சொன்னேன். அவர் சுருளை வண்டியில் போட்டுவிட்டு, இன்னும் ரெண்டு கிடக்கிறது என்று மறுபடி உள்ளே போனார். நான் மறுபடி கெஞ்ச ஆரம்பித்தேன்.